சோற்றைக் குறைத்த தட்டில் எதை வைப்பது?

சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கிச் செல்பவர்கள் வழியெங்கும் மரவள்ளித் தோட்டங்களையும், சேகோ ஆலைகளையும், ஆலையை ஒட்டிய களங்களில் வெள்ளைவெளேரென்று காயும் ஜவ்வரிசியையும் பார்த்திருப்பார்கள். 1981-இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும், 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் இந்த ஊருக்கும் அந்த வெள்ளை மணிக்கும் உள்ள உறவைச் சொல்லும். உலர்ந்த ஜவ்வரிசி 100 கிராமில் ஏறத்தாழ 88 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. புரதம் ஒரு கிராம்கூட இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய பொட்டாசியமும் பாஸ்பரஸும் பெயருக்குத்தான். சர்க்கரை நோயாளி தொடவே கூடாத பொருள் என்று இதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சிறுநீரகத்தின் பக்கம் நின்று பார்த்தால், இதைவிடச் சுமை குறைந்த உணவைக் காண்பது கடினம்.

அதே தராசின் மறுதட்டில் பாதாமை வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் குறைந்த மாவுச்சத்து உணவுமுறை பரவியபோது, காலை உணவாக நூறு பாதாம் என்பது பல வீடுகளில் ஒரு மந்திரம்போல் ஆயிற்று. நூறு பாதாம் சுமார் 120 கிராம் எடை வரும். அதில் சர்க்கரையை ஏற்றும் மாவுச்சத்து மிகக் குறைவு. ஆனால் புரதம் 25 கிராம், பொட்டாசியம் 850 மில்லிகிராமுக்கு மேல், பாஸ்பரஸ் 550 மில்லிகிராமுக்கு மேல். சர்க்கரை மட்டும் உள்ளவருக்கு இது நல்ல காலை உணவாக அமையலாம். சர்க்கரையோடு சிறுநீரகமும் தளர்ந்தவருக்கு, நாள் முழுவதற்குமான புரத அளவில் பாதி காலை எட்டு மணிக்கே தீர்ந்துபோகிறது.

இரண்டு நோயும் ஒருவரிடமே இருக்கும்போது சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு நோய்க்கு ஆகாதது இன்னொன்றுக்கு ஆகிறது. ஒன்றுக்கு மருந்தாக இருப்பது மற்றதற்குப் பாரமாகிறது. மாவுச்சத்தைக் குறைக்கலாமா என்று கேட்டால், குறைக்கலாம் என்பதே பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் பதில். ஆனால் சோற்றைக் குறைத்ததால் தட்டில் காலியாகும் இடத்தை எது நிரப்புகிறது என்ற இரண்டாவது கேள்வியில்தான் சிறுநீரகத்தின் நலம் அடங்கியிருக்கிறது. இந்தக் கேள்வியைப் போதிய அளவு யாரும் கேட்பதில்லை என்பது என் கருத்து.

இதை நான் கற்றது என் பெரியப்பாவிடமிருந்து. ஆத்தூர்ப் பக்கம் நாற்பது ஆண்டுகள் மரவள்ளி பயிரிட்டவர். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி; சிறுநீரகமும் தளர்ந்தவர். உறவினர் ஒருவர் சொல்லக் கேட்டுச் சோற்றை முற்றிலும் விட்டார். பாதாமும், முட்டையும், பன்னீரும், கீரையும், ஏற்காட்டிலிருந்து வந்த பட்டர் ஃப்ரூட் என்னும் அவகாடோவும் அவர் உணவாயின. நான்கு மாதங்களில் எடை இறங்கியது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் நன்றாக இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு ஒரு நாள் கால்கள் துவண்டு எழுந்து நிற்க முடியாமல் போனபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6-ஐத் தாண்டியிருந்தது. இயல்பு அளவு 3.5 முதல் 5 வரைதான். 6-க்கு மேல் போனால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். அன்று அவரைப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது ஒன்றே: “சோத்தை விட்டுட்டீங்க, சரிங்க; அதுக்குப் பதிலா என்னென்ன சாப்பிடறீங்க?”

மாவுச்சத்தைக் குறைப்பதன் பின்னுள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் என்னும் நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்கிறார்கள். அதே ஆய்வுத் தொடரின் உணவுக் கணக்கின்படி, இந்தியர்கள் உண்ணும் கலோரிகளில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் தட்டுவடை செட், இரவில் மறுபடி தோசை என்று ஓடும் சேலத்து நாளில் இந்த அளவை எட்டுவது எளிது. மாவுச்சத்து குறைந்தால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் தணிகிறது, எடை குறைகிறது, இன்சுலின் தேவையும் குறைகிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் முதன்மையான காரணங்களுள் ஒன்று கட்டுப்படாத சர்க்கரையே என்பதால், சர்க்கரையை இறக்கும் எதுவும் அந்த அளவில் சிறுநீரகத்துக்கும் நன்மைதான். ஆகவே, சிறுநீரக நோய் இருப்பதால் முன்போலவே மூன்று வேளையும் சோறு உண்ணலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, சிறுநீரகத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் பெரும்பகுதியை மீண்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, கழிவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. நீண்ட நாள் உயர்ந்திருக்கும் சர்க்கரை, வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் குழாயை விரித்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடிய வடிகட்டி தொடக்கத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவே வேலை செய்யும். அதனால் இரத்தத்தில் உள்ள கழிவுப் பொருளான கிரியாட்டினினின் அளவு நன்றாக இருப்பதுபோல் தோன்றும். வலை மெல்ல மெல்லக் கிழிந்து அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குவதுதான் முதல் அடையாளம். வடிகட்டிகள் ஒவ்வொன்றாய்த் தழும்பேறி ஓய்ந்த பிறகே கிரியாட்டினின் ஏறும். அதனால்தான் கிரியாட்டினினை மட்டும் பார்த்து ‘கிட்னி நன்றாக இருக்கிறது’ என்று நிம்மதி அடையக் கூடாது. சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அது கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேலோ, வடிகட்டும் திறனைச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழோ மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், அது நாள்பட்ட சிறுநீரக நோய். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதக் கசிவைக் கண்டறியும் ‘சிறுநீரகம் காப்போம்’ திட்டம் 2023-இல் தொடங்கப்பட்டதும் இதற்காகத்தான்.

புரதம் நிறைந்த உணவை உண்டதும் அதே நுழைகுழாய் விரிகிறது, அதே உள்ளழுத்தம் கூடுகிறது. நலமான சிறுநீரகம் இதைத் தாங்கிக்கொள்ளும். பாதி வடிகட்டிகளை இழந்த சிறுநீரகத்தில் மிச்சமிருப்பவை ஏற்கெனவே இரட்டைச் சுமை இழுப்பவை. அவற்றின்மேல் ஏற்றப்படும் ஒவ்வொரு கூடுதல் சுமையும் தேய்மானத்தை விரைவுபடுத்தும். மாவுச்சத்து குறைந்த உணவு சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லை என்று காட்டும் ஆய்வுகள் உண்டு என்பது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களிடம், ஓரிரு ஆண்டு காலத்துக்குள் நடத்தப்பட்டவை. மறுபக்கம், புரதக் கட்டுப்பாட்டைப் பற்றி 1994-இல் வெளியான புகழ்பெற்ற எம்.டி.ஆர்.டி. ஆய்வு இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளவேயில்லை. ஆக, இரண்டு தரப்பின் சான்றுகளும் இரண்டு நோயும் சேர்ந்த மனிதரை நேராகத் தொடவில்லை. அவர் விஷயத்தில் தீவிர முடிவெடுப்பவர்கள் சான்று இல்லாத இடத்தில்தான் கால்வைக்கிறார்கள்.

கே.டி.ஐ.ஜி.ஓ. என்னும் பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டு அமைப்பு, டயாலிசிஸ் செய்யாத நோயாளிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்கிறது. நோய் முற்றும் ஆபத்துள்ளவர்கள் 1.3 கிராமைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. என் பெரியப்பாவின் எடை 60 கிலோ. அவருக்குரிய அளவு 48 கிராம். அவர் உண்டதைக் கூட்டிப் பார்த்தோம்: காலையில் நூறு பாதாம் 25 கிராம், மதியம் மூன்று முட்டை 18 கிராம், இரவு 200 கிராம் பன்னீர் 36 கிராம், கீரையையும் காய்களையும் சேர்க்காமலே 79 கிராம். கிலோவுக்கு 1.3 கிராமுக்கு மேல் அவர் நான்கு மாதங்கள் உண்டிருக்கிறார்.

சரி, புரதத்தை 48 கிராமில் நிறுத்திவிட்டு மாவுச்சத்தையும் கடுமையாகக் குறைத்தால் என்ன என்று கேட்கலாம். கணக்கு இடம் தராது. அவருக்கு நாளைக்கு 1800 கலோரி தேவை என்று கொள்வோம். 48 கிராம் புரதம் 192 கலோரி தரும். மாவுச்சத்தை 20 விழுக்காட்டுக்கு, அதாவது 90 கிராமுக்கு இறக்கினால் 360 கலோரி. மிச்சமுள்ள 1250 கலோரியும் கொழுப்பிலிருந்து மட்டுமே வந்தாக வேண்டும். அது ஏறத்தாழ 139 கிராம் கொழுப்பு, ஒரு நாளைக்குப் பத்து மேசைக்கரண்டி எண்ணெய்க்குச் சமம். சிறுநீரக நோயாளிகளில் பலரது உயிரைப் பறிப்பது இதய நோயே என்றிருக்கும்போது, வெண்ணெயிலும் நெய்யிலும் அந்த அளவை நிரப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதுவும் முடியாமல் பசியோடு இருந்தால், உடல் தன் தசையையே எரித்துக்கொள்ளும். அந்தத் தசைச் சிதைவின் கழிவையும் சிறுநீரகமே சுமக்க வேண்டும். மாவுச்சத்தை 45 முதல் 50 விழுக்காடு வரை, அதாவது 200 முதல் 225 கிராம் வரை வைத்துக்கொண்டால், கொழுப்பு 80 முதல் 90 கிராமுக்குள் அடங்குகிறது. முன்பு சுமார் 280 கிராம் உண்டவருக்கு இதுவே கணிசமான குறைப்பு. கீட்டோ அளவுக்கு, அதாவது 50 கிராமுக்கும் கீழே இறங்குவது இவர்களுக்கு உரியதன்று.

பொட்டாசியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மலையில் விளையும் நல்ல பொருள்களே இதில் சிக்குகின்றன. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்கிடையே பட்டர் ஃப்ரூட்டும், பலாவும், கமலா ஆரஞ்சும், பேரிக்காயும் விளைகின்றன. பட்டர் ஃப்ரூட்டில் சர்க்கரை மிகக் குறைவு. அதனால் குறைந்த மாவுச்சத்து உணவின் செல்லப் பிள்ளை அது. ஆனால் அதன் சதையில் 100 கிராமுக்கு 480 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் உண்டு. பெரிய பழம் ஒன்றை முழுதாய்த் தின்றால் ஆயிரத்தை நெருங்கும். ‘சர்க்கரைக்காரர் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று பரிந்துரைக்கப்படும் கொய்யாவிலும் 400-க்கு மேல். பேரிக்காயிலோ 120-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் விற்கும் பழங்களில் இவர்களுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சின்னப் பேரிக்காயைக் காட்டுவேன். நட்சத்திரப் பழத்தை மட்டும் எங்கே கண்டாலும் விலக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களின் மூளையைத் தாக்கும் நச்சு அதில் இருக்கிறது.

ஆனால் சிறுநீரக நோய் என்று சொன்னவுடனேயே பழத்தையும் கீரையையும் நிறுத்துவது தவறு. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தால்தான் கட்டுப்பாடு வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகப் பாதுகாப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகள், மலச்சிக்கல், இரத்தத்தில் அமிலம் கூடுதல், கட்டுக்கடங்காத சர்க்கரை ஆகியவையும் பொட்டாசியத்தை ஏற்றும். கட்டுப்பாடு தேவைப்படும்போது, காயையும் கிழங்கையும் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியம் நன்றாகக் குறையும். நம் வீடுகளில் கீரை வெந்த தண்ணீரைச் சத்து என்று ரசத்தில் சேர்க்கும் பழக்கம் இவர்களுக்கு ஆகாது. சுரைக்காய், புடலங்காய், சௌ சௌ, வெண்பூசணி ஆகிய நீர்க்காய்கள் சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் ஒருசேர இணக்கமானவை, விலையும் மலிவு. இவற்றை நோயாளி உணவு என்று ஏளனமாகப் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

உப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது விதி. ஊறுகாய், அப்பளம், தட்டுவடை எல்லாம் அதில் அடங்க வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படுவதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று எண்ணி வாங்கும் அந்தப் பாக்கெட், இவர்களுக்கு நேரடி ஆபத்து.

சிறுதானியங்களை எல்லாம் ஒரே பொருளாக எண்ணுவதும் சரியன்று. ராகியில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. அரிசியில் 100-ஐ ஒட்டித்தான். மாவுச்சத்திலோ இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் காலங்காலமாகப் பயிரிட்டுவரும் சாமை, அரிசியைவிட மாவுச்சத்தும் சற்றுக் குறைந்தது, பொட்டாசியத்திலும் ராகியைவிட மென்மையானது. அளவோடு உண்ண ஏற்றது. பாஸ்பரஸைப் பொறுத்தவரை, பருப்பிலும் தானியத்திலும் இருப்பது பாதியளவே உடலில் சேரும். பதப்படுத்திய இறைச்சியிலும், பாக்கெட் உணவிலும், கோலா பானங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் ஏறத்தாழ முழுவதும் சேரும். முதலில் நிறுத்த வேண்டியது பிந்தியவற்றையே.

உணவை மாற்றுவதைவிட, மருந்தை மாற்றாமல் உணவை மாற்றுவது பெரிய ஆபத்து. உடலிலுள்ள இன்சுலினில் ஒரு பகுதியைச் சிதைத்து அகற்றுவது சிறுநீரகம். அது தளரத் தளர, போட்ட இன்சுலின் நீண்ட நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் தாக்கமும் அப்படியே நீளும். இந்த நிலையில் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால், அன்றிரவே சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். மெட்ஃபார்மின் அளவை இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே குறைக்க வேண்டும், 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும்.

டப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மருந்துகளின் கதை வேறு. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் இவை சிறுநீரகத்தையும் காப்பவை. 2019-க்குப் பின் வந்த பெரிய ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. இன்று இரண்டு நோயும் உள்ள பலர் இவற்றை உண்கிறார்கள். இவற்றோடு மாவுச்சத்தை மிகக் குறைத்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும்; சர்க்கரை 200-க்குள் இருக்கும்போதே இது நேரும் என்பதால் வீட்டு மீட்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு, அடித்துப் போட்டாற்போன்ற அசதி ஆகியவையே அடையாளம். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருப்பவர்கள் இந்த மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, அந்த நாள்களில் நிறுத்த வேண்டுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்குக் கணக்கு தலைகீழாகும். ஒவ்வொரு முறையும் புரதம் வெளியேறுவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். பழைய கட்டுப்பாட்டையே தொடர்ந்தால் உடல் உருகிவிடும். நோயின் நிலை மாறும்போது உணவுச் சீட்டும் மாற வேண்டும்.

பெரியப்பாவுக்கு உணவியல் ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்து எழுதித் தந்த தாளை அவர் வீட்டுச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். காலையில் மூன்று இட்லி. மதியம் எடை போட்ட 200 கிராம் சோறு, ஒரு கரண்டி சாம்பார், தண்ணீர் வடித்த சுரைக்காய்ப் பொரியல், ஒரு முட்டை, அரைக் கப் தயிர். மாலையில் ஒரு டீயும் ஒரு சின்னப் பேரிக்காயும். இரவு இரண்டு சப்பாத்தி, புடலங்காய்க் கூட்டு, ஐம்பது கிராம் மீன் அல்லது கோழி. கூட்டிப் பார்த்தால் புரதம் 48 கிராமை ஒட்டியும் மாவுச்சத்து 200 கிராமை ஒட்டியும் வருகிறது. சர்க்கரை, அவர் பேலியோவில் இருந்த நாள்களின் அளவுக்கு இறங்கவில்லை. ஆனால் பொட்டாசியம் 5-க்குள் வந்துவிட்டது, கிரியாட்டினின் ஏறாமல் நிற்கிறது. சோற்றுத் தராசு பெரியம்மாவின் பொறுப்பு. முதல் வாரம் முகம் சுளித்தவர், இப்போது கண்ணளவிலேயே 200 கிராமை வைத்துவிடுகிறார்.

ஒரு விஷயம் மட்டும் சரிசெய்யத் தாமதமாயிற்று. சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கை நடுங்கும்போதெல்லாம் அவர் தோட்டத்து இளநீரைச் சீவிக் குடித்துக்கொண்டிருந்தார்; தாழ்ந்த சர்க்கரைக்கு அது போதாது, பொட்டாசியத்தையோ ஏற்றிவிடும். இப்போது இன்சுலின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். பதினைந்து கிராம் குளுக்கோஸ் பொடியைத் தாளில் மடித்து அவருடைய ஒவ்வொரு சட்டைப் பையிலும் பெரியம்மா வைத்திருக்கிறார். துணி துவைக்கும் நாளில் முதலில் பைகளைத் துழாவி அந்தப் பொட்டலங்களை எடுத்து வைப்பது வீட்டுப் பிள்ளைகளின் வேலை.